கார் எஞ்சின் ஆயில் மாற்றம்: சர்வீஸ் நிலையமா, சொந்தக் கையா?

எஞ்சின் ஆயில் மாற்றுதல் என்பது, காரின் எஞ்சினுக்குள் ஓடிப் பழையதாகிவிட்ட ஆயிலை வடித்தெடுத்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில், சொன்ன அளவு புதிய ஆயிலை ஊற்றும் வேலையாகும். கார் பராமரிப்பில் அடிக்கடி வருவது இதுதான். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றுவதும் இதுதான். ஒரு ஸ்பேனர், ஒரு தட்டு, ஒரு புனல் இருந்தால் போதும் என்று சொல்லும் காணொளிகள் யூடியூபில் நிறைய உண்டு. அவற்றில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே டீலரின் பட்டறைக் கூலி மணிக்கு நூறு டாலரைத் தாண்டும். புறநகர் வீடுகளில் காங்கிரீட் தளமிட்ட தனிக் கொட்டகை இருக்கும். தமிழ்நாட்டில் கூலியும் வேறு, இடமும் வேறு. ஆகவே அந்தக் காணொளிகளின் முடிவை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. இக்கட்டுரை தமிழ்நாட்டில் பெட்ரோல் அல்லது டீசல் கார் வைத்திருப்பவரின் நிலையிலிருந்து இக்கேள்வியைப் பார்க்கிறது. முழு மின்சாரக் கார்களில் எஞ்சின் ஆயில் இல்லை. ஹைப்ரிட் கார்களில் உண்டு.

ஆயில் ஏன் கெடுகிறது

ஆயிலின் முதல் வேலை, ஒன்றோடொன்று உரசும் உலோகப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது. அதோடு பிஸ்டனிலிருந்தும் பேரிங்குகளிலிருந்தும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் மிதக்க வைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகிறது, பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைக்க உதவுகிறது, துருவைத் தடுக்கிறது. இத்தனையையும் வெறும் எண்ணெய் செய்வதில்லை. அடிப்படை எண்ணெயோடு கலக்கப்படும் சேர்மங்களே பாதி வேலையைச் செய்கின்றன. அழுக்கை நீக்குபவை, அழுக்கைப் படியவிடாமல் மிதக்க வைப்பவை, தேய்மானத்தைக் குறைப்பவை, வெப்பத்தில் ஆயில் அதிகம் இளகிவிடாமல் காப்பவை என்று அவற்றில் பல வகை.

எஞ்சின் ஓட ஓட இந்தச் சேர்மங்கள் செலவழிந்துபோகின்றன. வெப்பத்தில் ஆயில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தடிக்கிறது. எரியாத பெட்ரோல் அல்லது டீசல் சிறிது சிறிதாக அதில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளே இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் இந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் அது வெளியேற வாய்ப்பே இல்லை. 'என் கார் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, ஆயில் மாற்றத் தேவையில்லை' என்று சொல்பவர்களின் காரில்தான் ஆயில் பெரும்பாலும் மோசமாக இருக்கிறது.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. டீசல் எஞ்சினில் புதிய ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கரியை உள்வாங்கி மிதக்க வைக்கிறது, அவ்வளவுதான். அது தன் வேலையைச் செய்வதன் அடையாளம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, கிலோமீட்டரையும் மாதத்தையும் பார்த்து முடிவு செய்வதே சரி. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அது என்று கையேடு சொல்கிறது. நெரிசல், தூசு, குறுந்தூர ஓட்டம், மலையேற்றம் ஆகியவற்றைக் 'கடுமையான பயன்பாடு' என்று அதே கையேடு தனியாகக் குறிப்பிட்டு, இடைவெளியைக் குறைக்கச் சொல்லும். சென்னையின் நெரிசலில் நாள்தோறும் ஊர்ந்து செல்லும் கார் அந்தப் பட்டியலில்தான் வரும்.

எந்த ஆயில் என்பதே முதல் கேள்வி

யார் மாற்றுவது என்பதைவிட எதை ஊற்றுவது என்பது எஞ்சினுக்கு முக்கியம். டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்பதுபோல எழுதியிருக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய எளிதாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியசில் அதன் தடிமனைச் சொல்கிறது. எஸ்ஏஈ அமைப்பின் அளவுகோலின்படி, 30 என்றால் அந்த வெப்பநிலையில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

'நம்ம ஊர் வெயிலுக்குத் தடித்த ஆயில்தான் தாங்கும்' என்ற பேச்சைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, குளிர்விக்கும் அமைப்பு சரியாக இருந்தால் எஞ்சின் ஏறத்தாழ ஒரே வேலை வெப்பநிலையில்தான் ஓடும். அந்த வெப்பநிலைக்கு ஏற்றபடிதான் பேரிங் இடைவெளிகளும் ஆயில் பம்பும் வடிவமைக்கப்படுகின்றன. 0டபிள்யூ-20 கேட்கும் புதிய எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், கார் உடனே நின்றுவிடாது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே உள்ள வால்வுப் பகுதிகளுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். கையேடு இரண்டு மூன்று தடிமன்களை அனுமதித்திருந்தால், அவற்றுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

தடிமனுக்கு அடுத்தது தரம். பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஏபிஐ அமைப்பின் தர வரிசை உண்டு: எஸ்என் 2010-இலும், எஸ்பி 2020-இலும் வந்தவை. பொதுவாகப் பிந்தைய தரம் முந்தையதன் இடத்தில் பயன்படும். டீசலில்தான் தவறு பெரிய செலவில் முடியும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. எரிந்தபின் அதிகச் சாம்பல் விடும் ஆயிலை ஊற்றினால், அந்தச் சாம்பல் வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை நீக்க முடியாது. அதனால்தான் இத்தகைய கார்களுக்கு ஐரோப்பாவின் ஏசிஈஏ சி2, சி3 போன்ற குறைந்த சாம்பல் தரங்களைக் கையேடு கேட்கிறது. லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிஎஸ்-6 காருக்கு ஊற்றுவது, ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துப் பல்லாயிரம் ரூபாய் வடிகட்டிக்குக் கட்டும் வழி.

பணக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 3 முதல் 4 லிட்டர் ஆயில் பிடிக்கும். 3.5 லிட்டர் சிந்தெட்டிக் ஆயில் லிட்டருக்கு 550 ரூபாய் என்றால் 1,925 ரூபாய். ஃபில்டர் 150, வடிகால் போல்ட்டின் வாஷர் 30. ஆகப் பொருட்செலவு 2,105 ரூபாய். இது யார் மாற்றினாலும் வரும் செலவு. பக்கத்துப் பட்டறையில் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாமே செய்து மிச்சப்படுத்துவது அந்த 300 மட்டுமே. இதற்கு எதிரே தரமான ஜாக்கி, அதைத் தாங்கும் ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், ஃபில்டர் கழற்றி, தட்டு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் ஒருவருக்கு அந்த முதல் திரும்பக் கிடைக்க 26 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கார் அத்தனை காலம் இருக்காது.

நிறுவனச் சர்வீஸ் நிலையத்தோடு ஒப்பிட்டால் கணக்கு மாறும். அங்கே கூலி 1,500 என்றால், ஐந்தரை ஆண்டுக்குள் கருவிகளின் விலை வந்துவிடும். ஆனால் அந்த 1,500-க்குள் பிரேக் பேட், கூலன்ட், பெல்ட், பேட்டரி, டயர், அடிப்பாகத்துக் கசிவு ஆகியவற்றைப் பார்க்கும் வேலையும் அடங்கியிருக்கிறது. வீட்டில் ஆயில் மாற்றுபவர் இவற்றையும் தாமே பார்க்கத் தெரிந்தவராக இருந்தால்தான் அது உண்மையான மிச்சம். சொந்தக் கையால் செய்வதற்கு இங்கே நியாயமான காரணம் பணமல்ல; என்ன ஊற்றப்பட்டது என்பது நிச்சயமாகத் தெரியும், வண்டியைப் பற்றிய அறிவு வளரும். இந்த இரண்டுமே நல்ல காரணங்கள்தாம்.

வாரண்டி

புதிய காருக்கு இந்தக் கேள்வியே எழாமல் போகலாம். பல நிறுவனங்கள் முதல் மூன்று சர்வீஸ்களுக்குக் கூலி வாங்குவதில்லை. ஆயில், ஃபில்டர் போன்ற பொருட்களுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். அந்தக் காலத்தில் வெளியே மாற்றுவதால் லாபம் எதுவும் இல்லை.

அதன் பிறகும் வாரண்டி மிச்சமிருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்துப் பிறப்பித்த ஆணை இதைத் தொட்டது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையவாசலைத் தொடங்கியதும் இதே திசையில் எடுத்துவைத்த அடிதான்.

கொள்கை இப்படியிருக்க, நடைமுறை வேறு. எஞ்சினில் பழுது வந்து வாரண்டி கேட்கும் நாளில், சரியான தரத்தில் சரியான நேரத்தில் ஆயில் மாற்றினேன் என்று காட்ட வேண்டியவர் கார்க்காரர்தான். நிறுவனத்தின் கணினியில் சர்வீஸ் வரலாறு இருந்தால் பேச்சு எளிதில் முடிகிறது. வீட்டில் மாற்றியவரிடம் ஆயில் வாங்கிய பில், ஃபில்டர் வாங்கிய பில், தேதி, கிலோமீட்டர் குறிப்பு ஆகியவை இருந்தால்கூட நீண்ட வாதம் செய்ய நேரலாம். எஞ்சின் பழுதின் செலவு லட்சத்தைத் தொடக்கூடியது என்பதால், வாரண்டி முடியும்வரை நிறுவனச் சர்வீஸிலேயே விடுவது பெரும்பாலோருக்குப் பொருத்தம்.

சர்வீஸ் நிலையத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது

நிறுவனச் சர்வீஸ் என்றால் கவலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. காரை விடும்போது எழுதப்படும் ஜாப் கார்டில் என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். எஞ்சின் ஃப்ளஷ், கார்பன் நீக்கம், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகப் பூச்சு என்று கையேட்டில் இல்லாதவை அதில் வந்து உட்காரும். ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டுவரும் எஞ்சினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நீக்கிவிடுவார்கள், பெரும்பாலோர் சொல்வதில்லை.

பெரிய நிலையங்களில் ஆயில் பெரும்பாலும் பேரலிலிருந்து பம்ப் வழியாக வரும். எந்தத் தடிமன், எந்தத் தரம், எத்தனை லிட்டர் என்பதைப் பில்லில் பாருங்கள். காரை எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல்குறியை ஒட்டி இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டினாலும் தவறுதான்: சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்குள் இருக்கும் காற்று உயவுக்கு உதவாது, சீல்களும் கசியத் தொடங்கும்.

பக்கத்துப் பட்டறை

வாரண்டி முடிந்த காருக்கு, பணக் கணக்கில் பார்த்தாலும் பாதுகாப்பில் பார்த்தாலும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஆயிலையும் ஃபில்டரையும் நாமே வாங்கி, நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து, நின்று பார்த்து மாற்றுவது. லிஃப்ட்டோ குழியோ அவரிடம் இருக்கிறது; பொருள் நம்முடையது. பொருளை அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்க வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் எல்லாம் கிடைக்கும், போலியும் உட்பட. காலி டப்பாக்களில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்பது இந்தியாவில் பழைய தொழில். ஆகவே சீல் நம் கண்முன் உடைக்கப்பட வேண்டும். ஊற்றி முடித்த டப்பாவை ஆணியால் குத்திவிட்டுத்தான் போட வேண்டும். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நாமே மாற்றும்போது

இதில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று: காரின் அடியில் போவது. டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அதை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் தலையைக்கூட நீட்டக் கூடாது. கெட்டியான சமதளம், பின்சக்கரங்களுக்கு அடைகட்டை, இழுத்த ஹேண்ட்பிரேக், கையேடு காட்டும் இடத்தில் வைத்த ஸ்டாண்டுகள் ஆகிய எல்லாம் இருந்தால்தான் அடியில் போகலாம். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக்கொடுப்பது கூடவே கூடாது. சுமையின் கீழ் அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். நீண்ட பயணத்திலிருந்து வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். வடிகால் போல்ட்டைக் கழற்றி, ஆயில் சொட்டுகளாகக் குறையும்வரை பொறுத்திருந்து, புதிய வாஷரோடு பூட்ட வேண்டும். பல கார்களில் ஆயில் தொட்டி அலுமினியத்தால் ஆனது. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும், தொட்டியையே மாற்ற வேண்டிவரும். சிறு கார்கள் பலவற்றில் இந்த முறுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். 35 என்றால், 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 14 கிலோ எடை தொங்கினால் என்ன விசையோ அதுதான், நினைப்பதைவிடக் குறைவு. சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள்.

ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்ப்பது இந்த வேலையின் மிக முக்கியமான நொடி. பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால், இரண்டு வளையங்களும் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கும். சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டும். ஆயிலில்லாத எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். புதிய ஃபில்டரின் வளையத்தில் விரலால் சிறிது புது ஆயில் தடவி, வளையம் எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். இது திருகுவகை ஃபில்டருக்கு. காகித உள்ளீட்டை மட்டும் மாற்றும் வகைக்கு, மூடியின் ஓ-ரிங்கை மாற்றுவதும் மூடிக்குரிய முறுக்களவும் முக்கியம்.

கையேட்டில் உள்ள அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட வேண்டும். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும், 'பார்க்கலாம்' என்று ஓட்டக் கூடாது. கீழே கசிவு இல்லையென்று பார்த்து, அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றலாம். சர்வீஸ் நினைவூட்டல் உள்ள கார்களில் அதையும் மீட்டமைக்க வேண்டும்.

அடியில் போக விருப்பமில்லாதவர்களுக்கு, டிப்ஸ்டிக் குழாய் வழியே ஆயிலை உறிஞ்சும் பம்புகள் கிடைக்கின்றன. ஃபில்டரும் மேலிருந்தே கைக்கு எட்டும் எஞ்சின்களுக்கு இது நல்ல வழி. எட்டாத எஞ்சினுக்குப் பயன் குறைவு.

யாருக்கு எது

அடுக்குமாடிக் குடியிருப்பில், பொது நிறுத்தத்தில் கார் வைத்திருப்பவர் வீட்டில் மாற்ற முயல வேண்டாம். இடமும் இல்லை, தரையில் விழும் கறைக்குச் சங்கத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். டர்போ எஞ்சின், கரித்துகள் வடிகட்டியுள்ள டீசல், அடியில் பெரிய பிளாஸ்டிக் மறைப்பு உள்ள கார் ஆகியவற்றையும் தொழில்முறை ஆட்களிடம் விடுவதே நல்லது. வாரண்டி முடிந்த, டர்போ இல்லாத பெட்ரோல் கார், சொந்த இடம், கருவிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இயந்திரங்களின் மேல் ஆர்வம் ஆகிய ஐந்தும் உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். முதல் முறை, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நன்று.

வடித்த ஆயில்

வீட்டில் மாற்றுபவரின் கையில் கடைசியில் மூன்று நான்கு லிட்டர் கறுப்பு ஆயில் இருக்கும். பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நறுமணச் சேர்மங்களும் உண்டு. அடிக்கடி தோலில் படக் கூடாது, கையுறை அவசியம். ஒருமுறை மாற்றும் ஆயில், பத்து லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. நம் ஊரில் கரையானுக்குப் பயந்து மரத்துக்குப் பூசுவதும், காங்கிரீட் ஒட்டாதிருக்கச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவதும் வழக்கம். வீணாக்கவில்லை என்ற திருப்தி அதில் இருக்கலாம். மழை பெய்ததும் அது மண்ணுக்குத்தான் போகிறது.

இந்தியாவில் பயன்படுத்திய ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அவ்விதிகளில் 2023-இல் செய்த திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்யும் பொறுப்பை ஆயில் தயாரிப்பாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் சுமத்தியிருக்கிறது. தெருமுனையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி மட்டும் தனிநபருக்கு இன்னும் எளிதாகக் கிட்டுவதில்லை. நடைமுறையில் உள்ள வழி, வடித்த ஆயிலைக் காலி ஆயில் டப்பாவிலேயே நிரப்பி, கூலன்ட்டோ பெட்ரோலோ தண்ணீரோ கலக்காமல் மூடி, மொத்தமாகச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒரு பட்டறையிலோ சர்வீஸ் நிலையத்திலோ கேட்டு ஒப்படைப்பது. பழைய ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்துவிட்டு அவர்களிடமே கொடுத்துவிடலாம். ஏற்றுக்கொள்ளும் இடத்தை ஆயில் வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த டப்பா மாடிப்படியின் கீழ் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.